பாசிக்குள் விரால்: ரப்பர் தவளையில் முள் பொருத்தும் முறை

ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் மூடிக் கிடக்கும் ஏரியில் விரால் எங்கே நிற்கிறது என்று தெரிந்தாலும், தூண்டிலை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. திறந்த முள் நாலு அடி நகர்வதற்குள் ஒரு கைப்பிடி பாசியை வாரிக்கொண்டு வந்துவிடும். முனையை உடம்பில் ஒளித்து வைத்துக்கொள்ளும் ரப்பர் தவளைதான் அங்கே எடுபடும். இதில் இரண்டு ரகம் உண்டு. உள்ளே காற்று அடைத்தது முள்ளோடேயே கடைக்கு வரும், நிறுத்தினாலும் மிதக்கும். முழு ரப்பரில் வார்த்தது முள் இல்லாமல் பாக்கெட்டில் வரும், நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மூழ்கும். இங்கே சொல்வது இரண்டாவதைப் பற்றி.

இந்தத் தவளைகள் அமெரிக்காவில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பதற்காகப் பிரபலமானவை. பாக்கெட்டிலும் வீடியோக்களிலும் சொல்லும் அளவுகள் பாஸை நினைத்துச் சொன்னவை. விராலின் வாய் எலும்பும் பல்லுமாக இறுகியது, கடித்து அழுத்திப் பிடிக்கும். அதனால் மெல்லிய கம்பி முள் வேண்டாம். நிமிர்ந்துவிடும், இல்லையென்றால் முனை மழுங்கிவிடும்.

10 செ.மீ. நீளத் தவளைக்கு 4/0 அல்லது 5/0 அளவில், தடித்த கம்பியில் செய்த அகல வாய் ஆஃப்செட் முள் (வளையத்துக்கு அடியில் மடிப்பு உள்ள முள்) சரியாக இருக்கும். முள்ளைத் தவளைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூண்டில் நரம்பு கட்டும் வளையம் மூக்கில் இருக்கும்போது முள்ளின் வளைவு உடம்பின் பாதியைத் தாண்டி நிற்க வேண்டும், கால் பிரியும் இடத்தைத் தொடக் கூடாது. தொட்டால் கால்கள் உதறாது. கால் உதறாத தவளை வெறும் ரப்பர் கட்டி.

நரம்பை முதலில் பாலோமார் முடிச்சுப் போட்டு முள்ளில் கட்டிவிடுங்கள், தவளையை அப்புறம் ஏற்றுங்கள். இந்த முடிச்சில் நரம்பின் கண்ணிக்குள் முள்ளையே நுழைத்து எடுக்க வேண்டியிருப்பதால் இந்த வரிசை. 40 முதல் 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு) போதும். பாசியை அறுத்துக்கொண்டு வரும், இழுபடாது. லீடர், ஸ்விவல், ஸ்னாப் போன்ற இடை இணைப்புகள் எதுவும் வேண்டாம். நரம்பில் எங்கெல்லாம் கணு இருக்கிறதோ அங்கெல்லாம் பாசி தொற்றும். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்துவிடுங்கள்.

இனி ஏற்றுவது. தவளையின் மூக்கு நடுவில் முனையை நேராகக் குத்தி, 5, 6 மி.மீ. உள்ளே போனதும் தாடைக்கு அடியில் வெளியே எடுங்கள். அந்தத் துளை வழியாக முள்ளை இழுத்து, மேல் முனையில் இருக்கும் மடிப்பு மூக்குக்குள் போய் உட்காரும்வரை கொண்டுவந்து, முனை வயிற்றைப் பார்க்கும்படி அரைச் சுற்று திருப்புங்கள். இப்போது முள் வயிற்றுக்குக் கீழே தொங்கும். அவசரப்பட்டுக் குத்தாதீர்கள். தவளையை நீட்டாமல், மடக்காமல், தானாகத் தொங்கவிட்டு, வளைவு வயிற்றில் எங்கே படுகிறது என்று நகத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில், நட்டநடுவில், வயிற்றிலிருந்து முதுகுக்கு நேர் மேலே குத்தி முனையை வெளியே எடுங்கள்.

கோட்டுக்குப் பின்னால் குத்தினால் ரப்பர் மிஞ்சி முதுகு கூன் விழும். கூன் விழுந்த தவளை இழுக்கும்போது சுழலும், பத்து வீச்சில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். முன்னால் குத்தினால் உடம்பு இழுத்துக் கட்டினாற்போல் இருக்கும், ரெண்டு வீச்சில் மூக்கு மடிப்பிலிருந்து கீழே வழுகிவிடும். பக்கவாட்டில் கோணினால் தவளை சரிந்து நீந்தும். எதுவானாலும் உருவி எடுத்துத் திரும்பக் குத்துவதுதான் வழி.

முனை முதுகில் படுத்தபடி வெளியே இருக்கிறதா? முனைக்கு முன்னால் இருக்கும் ரப்பரைச் சற்றுக் கிள்ளித் தள்ளி, முனையின் நுனியை மட்டும் 1, 2 மி.மீ. ரப்பருக்குள் செருகுங்கள். அதற்கு மேல் செருகினால் மீன் கடித்தாலும் முனை வெளியே வராது. செருகாமல் விட்டால் முதல் அல்லித் தண்டிலேயே மாட்டும். விரல் இரண்டால் தவளையை வயிறும் முதுகுமாக அழுத்திப் பாருங்கள். முனை உடனே எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் ரப்பர் தடிமன் அதிகம். வயிற்றில் நீளவாக்கில் 3 செ.மீ. அளவுக்கு பிளேடால் கீறிவிடுங்கள், கடித்ததும் உடம்பு அமுங்கிக் கொடுக்கும். பலருக்கு மீன் மாட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான். பழியைப் போடுவதோ தூண்டில் ராடு மேல்.

மூக்கு கிழிந்து வழுகிக்கொண்டே இருந்தால், உள்ளே உட்கார்ந்திருக்கும் மடிப்பில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு அரை நிமிடம் பிடியுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஸ்பிரிங் வைத்த முள் வாங்கலாம். ஸ்பிரிங்கை மூக்கில் திருகி ஏற்றியபிறகு மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

இதே ஸ்பிரிங்கோடு இரட்டை முள்ளும் கிடைக்கிறது. முள்ளின் தண்டு வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொள்ள, இரண்டு முனைகளும் விலாவை அணைத்தபடி மேல்நோக்கி நிற்கும். மீன் மாட்டுவது இதில் அதிகம், தண்டின் கனம் தவளையை மல்லாந்து விழாமலும் வைக்கும். ஆனால் முனைகள் ரப்பருக்குள் ஒளிவதில்லை, அதனால் இழை இழையான பாசியில் நார் சேரும். அல்லி, தாமரை இலைமேல் இரட்டை முள், நூல்பாசியில் ஒற்றை முள் என்று வைத்துக்கொண்டால் தவறாது.

ஒற்றை முள்ளில் தவளை மல்லாந்தே விழுகிறது, தூரமும் போகவில்லை என்றால் வளைவில் ஈயம் வார்த்த முள்ளைப் பாருங்கள். 2 முதல் 3.5 கிராம் வரை போதும். அதற்கு மேல் போனால் ரீலை வேகமாகச் சுற்றினால்தான் மேலே நிற்கும்.

ராடு ஆறரை, ஏழு அடி நீளத்தில், விறைப்பு மீடியம் ஹெவியாவது இருக்கட்டும். குறி வைத்த இடத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர் தாண்டி வீசி, ராடு நுனியை உயர்த்தி, கால்கள் சளசளவென்று அடிக்கும் வேகத்தில் சுற்றுங்கள். பாசிக்கு நடுவில் கண் போலத் திறந்த இடம் வந்தால் இரண்டு விநாடி நிறுத்துங்கள். தவளை மெல்ல அமிழும். மீனின் அடி பெரும்பாலும் அங்கேதான் விழும்.

தண்ணீர் தெறித்ததும் ராடைச் சொடுக்கிவிடக் கூடாது. தவளை வெறுமனே பறந்து வரும். நுனியைத் தாழ்த்தித் தொய்வைச் சுற்றி எடுங்கள். கனம் கையில் தெரிந்த பிறகு பலமாக மேலே இழுங்கள். டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் பிடிமானம்) இறுக்கமாக இருக்கட்டும். தலையைத் திருப்ப விட்டால் விரால் நேரே செடித் தண்டுகளுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். தலை மேலே வந்ததும் நிறுத்தாமல் பாசியின் மேலாகவே வழுக்கிக் கொண்டுவாருங்கள். பாஸைப் போலக் கட்டைவிரலை வாய்க்குள் விட்டுத் தூக்க நினைக்காதீர்கள், விரல் கிழியும். மீன் வாயைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பரும் நீள மூக்குக் குறடும் கையில் இருக்க வேண்டும்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே குமிழி விட்டுக்கொண்டு சுற்றினால், அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கின்றன என்று அர்த்தம். எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும். பிடித்துவிட்டால் குஞ்சுகளைக் கெளுத்தியும் மற்ற மீன்களும் தின்று தீர்க்கும். அந்த இடத்தை விட்டு நகருங்கள். பல ஏரி குளங்கள் மீன் குத்தகைக்கு விட்டவை என்பதால், கரையில் இறங்குமுன் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் முனையை நகத்தில் உரசிப் பாருங்கள். வழுக்கினால் அரம் போடுங்கள். மிச்சத் தவளைகளை வாங்கிய பாக்கெட்டிலேயே, கால் மடங்காமல் படுக்கவைத்து வையுங்கள். வேறு கம்பெனி ரப்பரோடு ஒரே டப்பாவில் போட்டால் வெயிலில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். கால் கோணிப்போயிருந்தால் கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, நேராக நீட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் பழையபடி ஆகிவிடும். கிழிந்ததை ஏரியில் வீசாதீர்கள். மீன் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடும்.