‘பார்சல் கட்டுநாயக்காவில் நிற்கிறது’: இணையக் காதல் மோசடியில் மாட்டியவரை வெளியே எடுப்பது எப்படி?

திருகோணமலை டவுனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், போன் நம்பருக்குக் காசு அனுப்புகிற ஈசி கேஷ், பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பம், இவ்வளவுதான் தொழில். ஒரு நாள் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கொப்பித் தாளில் கிழித்த துண்டொன்றைக் காட்டி, அதிலிருந்த நம்பருக்கு 15,000 ரூபாய் அனுப்பச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். "உறவுக்காரர் தம்பி" என்றார். அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்து வேறு நம்பர், வேறு தொகை. மூன்றாம் முறை வந்தபோது கழுத்தில் எப்போதும் கிடக்கிற சங்கிலி இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதுவும் பிந்தித்தான் உறைத்தது, முதல் இரண்டு தடவையும் பட்டனை அழுத்தியது என் கை.

மாட்டிக்கொண்டவருக்காக இதை எழுதவில்லை. அவர் இதை வாசிக்க மாட்டார், வாசித்தாலும் "என்னுடைய ஆள் அப்படியில்லை" என்றுதான் நினைப்பார். பக்கத்தில் நிற்கிற உங்களுக்காக எழுதுகிறேன்: மகன், மகள், தங்கச்சி, மச்சாள், அல்லது என்னைப்போல ஒரு கடைக்காரன்.

முதலில் அவர்கள் வேலை செய்கிற விதம்

பேஸ்புக்கில் ஒரு நட்பு அழைப்பு வரும். படத்தில் நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர், பின்னால் கப்பலோ ஹெலிகொப்டரோ. தொழில் என்று பார்த்தால் திரும்பத் திரும்ப அதே நாலைந்துதான். யேமனிலோ சிரியாவிலோ ஐ.நா. டொக்டர், அமெரிக்க இராணுவ அதிகாரி, எண்ணெய்க் கிணற்று இன்ஜினியர், கப்பல் கப்டன். ஏன் வீடியோவில் வரவில்லை, ஏன் நேரில் வரவில்லை, ஏன் சொந்தக் காசை எடுக்க முடியவில்லை என்கிற மூன்று கேள்விக்கும் இந்தத் தொழில்களுக்குள்ளேயே பதில் இருக்கிறது, அதனால்தான் இவற்றைப் பிடிக்கிறார்கள். மனைவி புற்றுநோயில் போயிருப்பார், ஒரு மகள் ஹொஸ்டலில் படிப்பாள். தமிழில் எழுதுகிறவர்களும் உண்டு. மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிற காலத்தில் தமிழில் காதலிக்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை!

கொஞ்ச நாளிலேயே வட்ஸ்அப்புக்குக் கூட்டிப்போய்விடுவார்கள், பேஸ்புக் கணக்கு முடக்கப்பட்டாலும் ஆள் கைவிட்டுப் போகக்கூடாது அல்லவா. அப்புறம் காசைப் பற்றி மூச்சே விடாமல் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், வெறும் கதைதான். எழும்பினீங்களா, சாப்பிட்டீங்களா, பிரஷர் குளிசை போட்டீங்களா. எங்கள் ஊர் வீடுகளை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் கனடாவிலும் கட்டாரிலும், புருஷன் போய்ப் பத்து வருஷம், பின்னேரம் ஏழு மணிக்கு, விளக்கு வைத்தபிறகு, டீவியைத் தவிர வீட்டில் வேறு குரல் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் தினமும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறார். பேராசையில் விழுந்துவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்கிறவர்களுக்கு இந்த இடம் விளங்குவதில்லை. நான் பார்த்தவரை ஆசை பிறகுதான் வருகிறது, முதலில் வருவது அந்த ஏழு மணிதான்.

பிறகு பார்சல். உங்களுக்கென்று ஐபோன், கைக்கடிகாரம், நகை, உள்ளே ஒளித்து வைத்த டொலர் கட்டு, எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிப் படம் அனுப்புவார்கள். இரண்டு மூன்று நாளில் உள்ளூர் நம்பரிலிருந்து ஒரு அழைப்பு: "கட்டுநாயக்க விமான நிலையச் சுங்கத்திலிருந்து கதைக்கிறோம், உங்கள் பார்சல் நிற்கிறது, இவ்வளவு கட்ட வேண்டும்." கட்டினால் அடுத்த நாள், ஸ்கேன் பண்ணினோம், உள்ளே வெளிநாட்டுக் காசு இருக்கிறது, கறுப்புப் பணமில்லை என்று சான்றிதழ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கேஸ். முதல் தொகை ஆசைக்குக் கட்டியது, இரண்டாவது பயத்துக்கு. மூன்றாவதிலிருந்து, போன காசை மீட்க வேண்டுமே என்பதற்காகக் கட்டுவார்கள், நகை அடைவுக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். சுங்கத் திணைக்களம் தனியாளின் கணக்குக்குக் காசு போடச் சொல்லாது, ஈசி கேஷ் நம்பர் தராது. உண்மையாகவே பார்சல் வந்தால் தபால் திணைக்களமோ கூரியர் நிறுவனமோ அறிவித்தல் தரும், கட்டுவதற்கு ரசீது இருக்கும். அதேபோல ஐ.நா.வும் அமெரிக்க இராணுவமும் தங்கள் ஆட்களுக்கு லீவு கொடுக்க யாருடைய காதலியிடமும் கட்டணம் வாங்குவதில்லை.

காசு போகிற கணக்கு மட்டும் இந்நாட்டு ஆள் ஒருவரின் பெயரில் இருக்கும். கொமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் அட்டையை இரவல் கொடுத்த பொடியனாக இருக்கலாம். தம்பிமாரே, அட்டையைக் கொடுத்தால் பொலிஸ் முதலில் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

ஆண்களுக்கு வேறு மாதிரி வலை விரிப்பார்கள். அழகான பெண், "தவறி மெசேஜ் அனுப்பிவிட்டேன்" என்று தொடங்கி, பிட்கொய்ன் முதலீட்டில் கொண்டுபோய் விடுவாள். முதலில் போட்ட சிறு தொகையை லாபத்தோடு திருப்பித் தருவார்கள், அதை நம்பிப் பெரிதாகப் போட்டதும் வாசல் பூட்டிவிடும். சீனத்தில் இதைப் பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்று சொல்வார்கள். ஏமாந்தவரைப் பன்றி என்று கூப்பிடுகிற அந்தப் பெயரையே விடுங்கள், அவமானத்தில் முறைப்பாடு செய்யாமல் போய்விடுவார்கள் என்று 2024 டிசம்பரில் இன்டர்போல் கேட்டுக்கொண்டது. மறுமுனையில் தட்டச்சு செய்கிறவரும் கைதியாக இருக்கலாம் என்பது இதில் இன்னொரு கொடுமை. மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரும் இப்படிக் கட்டாய வேலையில் இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 இல் மதிப்பிட்டது. தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று நம்பிப் போய் மியன்மாரின் மியாவடியில் அடைபட்ட இலங்கைப் பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள்.

சோதிக்கிற வழி

படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கலாம். பல தடவை வேறு பெயரில் வேறு நாட்டில் அதே முகம் வந்து நிற்கும். வராவிட்டால் ஆள் உண்மை என்று அர்த்தமில்லை. "வீடியோ கோலில் வரச் சொல்லுங்கள்" என்று முன்பு நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் பத்தாது. முகத்தையே மாற்றிக் காட்டுகிற டீப்பேக் வைத்துக் காதல் மோசடி செய்த 27 பேரை 2024 இல் ஹொங்கொங் பொலிஸ் பிடித்தது, அவர்கள் சுருட்டியது 46 மில்லியன் அமெரிக்க டொலர்.

எனக்குப் பிடித்த சோதனைக்கு எந்தச் செயலியும் தேவையில்லை. "மகனிடம் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அவன் உங்களோடு கதைக்க வேண்டுமாம்" என்று எழுதச் சொல்லுங்கள். கல்யாணம் செய்ய நினைக்கிற மனுசன் சந்தோசப்படுவான், குறைந்தபட்சம் கூச்சப்படுவான். மோசடிக்காரனுக்குக் கோபம் வரும். நமக்கிடையில் ஏன் மூன்றாம் ஆள், என்னில் நம்பிக்கை இல்லையா என்று இரண்டு நாள் பேசாமல் இருப்பான். அந்தக் கோபத்தை அவரே கண்ணால் பார்ப்பது நீங்கள் நூறு தடவை சொல்வதற்குச் சமம்.

அவரோடு எப்படிக் கதைப்பது

எல்லாரும் பிழைவிடுகிற இடம் இது, நானும் விட்டேன். மூன்றாம் முறை ரீச்சரிடம், கடையில் இரண்டு பேர் நிற்க, "இது பச்சை ஏமாற்று ரீச்சர்" என்று சொன்னேன். முகம் கறுத்து, காசை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போய் வங்கியில் நேரடியாகக் கட்டியிருக்கிறார், என்னிடம் தர இருந்ததைவிட அதிகமாக.

ஆகவே ஆட்களுக்கு முன்னால் கதைக்காதீர்கள். போனைப் பறிக்காதீர்கள், பறித்தால் பக்கத்து வீட்டுப் போனில் தொடரும். "இந்த வயதில் இது தேவையா" என்ற வசனம் வாயில் வரும், விழுங்கிவிடுங்கள். "உன் பிள்ளைகள் பொறாமைப்படுவார்கள், நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள்" என்று அந்த ஆள் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பான், நீங்கள் சத்தம் போட்டால் அவன் வாக்குப் பலித்துவிடும்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்து, அவர் எப்படிப்பட்டவர், எங்கே வேலை, என்ன கதைப்பார் என்று கேளுங்கள். பதிலைத் திருத்தாமல் கேளுங்கள். ஒரு நாளில் முடியாது, நாலைந்து பின்னேரம் பிடிக்கும். இடையில் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்கள்: "அம்மா, அவரோடு கதைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இனிக் காசு அனுப்புவதென்றால் இரண்டு நாள் பொறுத்து, எனக்கும் ஒரு சொல் சொல்லிவிட்டு அனுப்புங்கள்." அவசரம்தான் அவர்களுடைய ஆயுதம், இரண்டு நாள் தள்ளிப்போனாலே மறுபக்கத்தில் ஆட்டம் காணும். தன் சந்தேகத்தை அவரே வாய்விட்டுச் சொல்கிற வரைக்கும் காத்திருங்கள்.

காசு போய்விட்டதென்றால்

முதல் வேலை வங்கி, நேரம் பார்க்காமல். அனுப்பிய வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்து, மோசடி என்று சொல்லி, காசு போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தி வைக்கும்படி கேளுங்கள். ஈசி கேஷ் என்றால் அந்த சேவைக்கு எடுங்கள். சில நிமிடங்களிலேயே ஏடிஎம்மில் உருவிவிடுவார்கள் என்பதால் அரை மணித்தியாலம்கூடப் பெரிய விசயம். முழுக்காசும் திரும்புவது அரிது, வீணாக நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

அவமானத்தில் சட்டென்று எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள், அதை மட்டும் விடாதீர்கள். வட்ஸ்அப் உரையாடல், நம்பர்கள், புரொபைல் இணைப்பு, வைப்புத் துண்டுகள் எல்லாம் ஸ்கிரீன்ஷொட்டாகவும் தாளாகவும் இருக்கட்டும், புளொக் பண்ணுவது அதற்குப் பிறகு. எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கு வீரவசனம் எழுத வேண்டாம். பிறகு பொலிஸில் முறைப்பாடு. கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவு இருக்கிறது, 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது, "நீங்கள்தானே விரும்பிக் கொடுத்தீர்கள்" என்று யாராவது சொன்னால் வாயடைத்து நிற்காதீர்கள், ஏமாற்றிக் காசு வாங்குவது குற்றம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வையுங்கள். கணக்குகள், போன் பாதுகாப்பு பற்றி உதவி வேண்டுமென்றால் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு எடுங்கள். அடையாள அட்டைப் படமோ பாஸ்புக் படமோ அனுப்பியிருந்தால் அதையும் வங்கியிடம் சொல்லிவிடுங்கள். அந்தரங்கப் படம் அனுப்பி, அதை வைத்து மிரட்டுகிறார்கள் என்றால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் மிரட்டல் நிற்காது.

கொஞ்ச நாளில் "உங்கள் காசை மீட்டுத் தருகிறோம்" என்று வக்கீலோ, சைபர் நிபுணரோ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். பெரும்பாலும் அதே கூட்டம்தான், அல்லது உங்கள் நம்பரை அவர்களிடம் வாங்கியவர்கள்.

அதற்குப் பிறகு

காசை எண்ணிவிடலாம், மற்றதை எண்ண முடியாது. ரீச்சர் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போவதை நிறுத்தினார், ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. அடைவு வட்டி ஒரு பக்கம் ஏற, இரவில் நித்திரையில்லை. அதைவிட வெளியே சொல்ல முடியாத ஒன்று, அந்த ஆளை அவர் இன்னும் தேடினார். பொய் என்று தெரிந்த பிறகும் ஏழு மணிக்குப் போனைப் பார்ப்பாராம். இல்லாத ஒருவரின் செத்தவீடு அது, யாரும் துக்கம் விசாரிக்க வராத செத்தவீடு.

"நான் ஒருத்திதான் தம்பி இப்படி மடைச்சி" என்றார் ஒருநாள். 2022 இல் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இப்படி ஏமாந்ததாக முறைப்பாடு செய்தார்கள், போனது 1.3 பில்லியன் டொலர், சொல்லாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ என்றேன். பிரபல நடிகர் என்று நம்பி 8,30,000 யூரோவை இழந்த பிரெஞ்சுப் பெண்ணின் கதையையும் சொன்னேன். 2025 ஜனவரியில் அவரைப் பற்றிய நிகழ்ச்சி டீவியில் போனதும் உலகமே கேலி செய்ததில், அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியையே விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ரீச்சர் சிரிக்கவில்லை. "பாவம், அந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்குமோ தெரியாது" என்றார்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் தனியே விடாதீர்கள். "இனி இருந்தென்ன" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் சும்மா பேச்சு என்று தள்ளாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், இரவென்றால் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள். அடைவுச் சீட்டுகளை வாங்கி எது முதலில் ஏலத்துக்குப் போகும் என்று பார்த்து ஒழுங்குபடுத்துவதும் ஒரு மருந்துதான், கடன் எவ்வளவு என்று தெரிந்தாலே பாதி இரவு நித்திரை வரும்.

போன மாதம் ரீச்சர் கடைக்கு வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் படத்தைக் காட்டினார். லென்ஸில் போட்டோம். வேறொரு நாட்டில், வேறு பெயரில், மனைவி பிள்ளைகளோடு நிற்கிறார் அந்த மனுசன். ரீச்சர் கனநேரம் பார்த்தார்.

"இவருக்குத் தன்ட படத்தை வச்சு இப்பிடிச் செய்யிறது தெரியுமோ தம்பி?"

தெரியாது என்றேன். போலிப் புரொபைலை பேஸ்புக்குக்கு முறையிடுவது எப்படி என்று காட்டினேன், பட்டனை அவரே அழுத்தினார். பிறகு 100 ரூபாய்க்கு ரீலோட் போட்டுக்கொண்டு, மிச்சக் காசை எண்ணிப் பார்த்துப் பேர்ஸில் வைத்துக்கொண்டு போனார்.