ராணுவத் தடுப்புக்காவலில் இருப்பவருக்கு மறுஆய்வு கேட்பது எப்படி

போர்ச் சூழலில் ராணுவம் ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறது. வழக்கும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை. அப்போது வீட்டார் முதலில் எழுதுவது ‘அவர் நிரபராதி’ என்ற மனுவைத்தான். மறுஆய்வுக் குழு பெரும்பாலும் அந்தக் கேள்விக்குள்ளேயே போவதில்லை. ஆகவே பேனாவை எடுக்குமுன், அவரை எந்த வகையில் வைத்திருக்கிறார்கள், மறுஆய்வு செய்பவர் தீர்மானிக்க வேண்டியது எதை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், ஆள் எங்கே என்பது உறுதியாக வேண்டும். நாடுகளுக்கிடையிலான போரில், முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அட்டை எழுத அனுமதிக்க வேண்டும் என்கின்றன 1949-ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைகள் (போர்க்கைதிக்கு மூன்றாவதின் பிரிவு 70, சிவிலியனுக்கு நான்காவதின் 106). அட்டை வரவில்லையா? சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவிடம் தேடல் கோரிக்கை கொடுங்கள். முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பிடிபட்ட நாள், இடம், கடைசியாகப் பார்த்தவர் யார், எல்லாம் வேண்டும். பெயரின் எழுத்துக்கள் ஆவணத்துக்கு ஆவணம் மாறினால் எல்லா வடிவத்தையும் எழுதுங்கள். பதிவேட்டில் ஆள் ‘காணாமல்’ போவது பல நேரம் இதனால்தான். ஒன்று நினைவிருக்கட்டும்: செஞ்சிலுவைக் குழு உங்கள் வழக்கறிஞர் அல்ல. முகாமில் கண்டதை அது நீதிமன்றத்தில் சாட்சியாகச் சொல்லாது.

இனி வகை. போர்க்கைதி என்றால் தீவிரச் சண்டை ஓயும்வரை வைத்திருக்கலாம். ஆறு மாத மறுஆய்வு கிடையாது. போர்க்கைதிதானா என்பதிலேயே சந்தேகம் வந்தால், மூன்றாவது உடன்படிக்கையின் பிரிவு 5-இன்படி தகுதியுள்ள தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டும். அதுவரை போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு அவருக்கு உண்டு. கடும் நோயாளி, படுகாயமுற்றவர் என்றால் பிரிவு 109, 110-ஐக் காட்டித் தாயகம் அனுப்பக் கேளுங்கள்.

சிவிலியன் என்றால் நாள்காட்டிதான் ஆயுதம். பிடித்த நாட்டின் மண்ணிலேயே வைத்திருந்தால், நீதிமன்றமோ நிர்வாகக் குழுவோ கூடிய விரைவில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பிறகு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும் (நான்காவது உடன்படிக்கை, பிரிவு 43). ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில் மேல்முறையீட்டு உரிமையும், இயன்றால் ஆறு மாதத்துக்கொரு மறுஆய்வும் உண்டு (பிரிவு 78). அந்த ‘இயன்றால்’ என்ற சொல்லில்தான் தாமதமெல்லாம் ஒளிந்துகொள்கிறது. முடிவு வந்த தேதியைக் குறித்துவைத்து, ஐந்தாம் மாதமே அடுத்த அமர்வு எப்போது எனக் கேட்டு எழுதி, ஒப்புகை வாங்குங்கள்.

உள்நாட்டுப் போரில் ஜெனிவா விதிகள் இப்படிக் கால அளவு சொல்வதில்லை. அங்கே அந்நாட்டுச் சட்டமும், குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பிரிவு 9(4)-உம்தான் பிடிமானம்.

மனுவில் எதைச் சொல்வது என்பதற்கு, கியூபாவில் அமெரிக்க ராணுவம் நடத்தும் குவான்டனாமோ தடுப்பு முகாம் நல்ல பாடம். 2008 ஜூன் 12 அன்று, பூமெதீன் வழக்கில், அங்குள்ளவர்களுக்கும் ஆட்கொணர்வு மனு உரிமை உண்டென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனு எழுப்பும் கேள்வி: பிடித்து வைத்தது சட்டப்படி சரியா? 2011-இல் அதிபர் உத்தரவால் அமைந்த காலமுறை மறுஆய்வு வாரியம் அதைத் தொடுவதே இல்லை. இவரால் இன்னும் கணிசமான ஆபத்து உண்டா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. அங்கே போய்ப் பழைய ஆதாரங்களோடு மல்லுக்கட்டினால் ‘மனம் மாறவில்லை’ என்ற எண்ணத்தைத்தான் கொடுக்கும். அங்கு எடுபடுவது இப்படி ஒரு பத்தி:

‘விடுதலையானால் அண்ணன் வீட்டில் தங்குவார், அண்ணனின் உறுதிமொழிக் கடிதம் இணைப்பு 1. தச்சுப் பட்டறையில் வேலை தர உரிமையாளர் ஒப்புக்கொண்ட கடிதம் இணைப்பு 2. தொடர் சிகிச்சை தர மருத்துவர் எழுதிய சம்மதம் இணைப்பு 3.’

‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று மொட்டையாக எழுதினால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். இரண்டு வழியையும் ஒரே காலத்தில் நடத்தலாம். ஆனால் வாரியத்தில் சொன்னது நீதிமன்ற வாதத்துக்கு முரணாகிவிடாதபடி, இரண்டையும் ஒரே வழக்கறிஞர் படித்துப் பார்க்கட்டும்.

ஐநாவின் தன்னிச்சையான தடுப்புக்காவலுக்கான பணிக்குழுவிடமும் போகலாம். உள்நாட்டு வழிகளை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அது கேட்பதில்லை. அரசு பதில் தர 60 நாள் கொடுக்கும். அதன் கருத்து கதவைத் திறக்கும் உத்தரவல்ல, ஆனால் அடுத்த மனுவில் இணைக்கலாம்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அவருக்குப் புரியும் மொழியில். அடுத்த மனு அந்தக் காரணத்துக்கு வரிக்கு வரி பதிலாக இருக்கட்டும். பழைய மனுவைத் தேதி மாற்றி அனுப்பினால் பழைய பதிலே தேதி மாறி வரும்.