பழைய லைன் வீட்டைப் புதுப்பிக்கலாம், வாடகை எகிறாமல்

சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய லைன் வீடோ, அறக்கட்டளைக்குச் சொந்தமான வளவு வீடுகளோ உங்கள் பொறுப்பில் இருந்தால், பார்க்க வருகிற முதல் ஆள் "இடிச்சுட்டு மாடி வெச்சுக் கட்டிடுங்க" என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள். இடித்துக் கட்டியதும் போட்ட காசை எடுக்க வாடகையை ஏற்றியே ஆகவேண்டும், அப்போது தறி ஓட்டுகிறவரும் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவரும் அங்கே திரும்பி வர வழியில்லை. யாருக்காகக் கட்டிய வீடோ அவர்களே வெளியே போய்விட்டால் அது என்ன புதுப்பிப்பு?

முதலில் கணக்கு. எட்டு வீட்டுக்கு 12 லட்சம் செலவு என்று வையுங்கள், வீட்டுக்கு ஒன்றரை லட்சம். அதை 5 வருஷத்தில் எடுக்க நினைத்தால் மாதம் 2,500 ஏறும், 15 வருஷம் என்றால் 830 சொச்சம்தான். அதே 12 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 15 வருஷக் கடனாக வாங்கினால் வீட்டுக்கு 1,600 ரூபாயைத் தாண்டும், அதாவது பாதி வட்டிக்கே போகும். அதனால் கடனைக் குறைத்து, கைக்காசு இருக்கிற அளவுக்கு வருஷத்துக்கு இரண்டு வீடாகச் செய்வதே நல்லது.

வேலையில் கூரைதான் முதல். தை பிறந்ததும் தொடங்குங்கள், ஆவணி புரட்டாசி மழையில் கூரையைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்க முடியாது. மரச்சட்டம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் உளுத்துவிட்டது, அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும். கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டுங்கள், கணீரென்றால் திரும்பப் போடலாம், சத்தம் மொத்தையாக வந்தால் விரிசல். மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மேல்தளம், ஒழுகினால் பெரும்பாலும் மேலே பதித்த தட்டு ஓட்டின் சந்துதான் காரணம், சந்தைச் சுரண்டிப் பூசினாலே பாதிக் கவலை தீரும்.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய சுவரில் சிமெண்ட் பூசவே பூசாதீர்கள். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து பாளம் பாளமாக விழும், அப்புறம் சில வருஷத்துக்கு ஒருதரம் அதே செலவு. நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர். மெல்லிசாகப் பூசி, அவசரப்படாமல் நனைத்துக் காயவிட வேண்டும். இதில் கை பழகிய கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள், கூலி கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை.

தரையில் டைல்ஸ் போடுகிறேன் என்று குழித்தறியின் குழியை, நெசவு செய்கிறவர் காலை இறக்கி மிதிக்கிற பள்ளத்தை, மூடிவிடாதீர்கள். அந்தக் குழியில்தான் அந்த வீட்டு வாடகையே சம்பாதிக்கப்படுகிறது. ஓரத்தைச் செங்கல்லால் கட்டி, ஈரம் ஏறாமல் பார்த்தால் சரி.

வேலை நடக்கும்போது யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். ஒரு வீடு காலியாகும்போது அதற்கு ஆள் வைக்காமல் முதலில் அதை முடித்து, பக்கத்து வீட்டுக்காரரை அங்கே மாற்றி, அவர் வீட்டை எடுங்கள். தறியைப் பிரித்து மாட்டவும் நாள் பிடிக்கும், அதனால் தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்து முடிந்து அறுக்கிற சமயம் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

பேச்சைக் காகிதத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, மேம்பாட்டுச் செலவுக்காக வாடகை ஏற்றவேண்டுமானால் வேலை தொடங்குவதற்கு முன்பே குடியிருப்பவரோடு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அந்த ஏற்றமும் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான். நீங்கள் செய்தே ஆகவேண்டிய பழுதுபார்ப்பு இதில் சேராது. அதனால் மேலே போட்ட கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்: கூரை, சுவர், பழைய வயரிங், குழாய் உங்கள் செலவு. புதிதாகக் கட்டுகிற தனிக் கழிப்பறை மாதிரி வேலைகளுக்கு மட்டும்தான் ஏற்றம்.

கடைசியாக, கரண்ட். வயரிங் மாற்றும்போதே வீட்டுக்கு ஒரு தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். 2016-ல் வந்த 100 யூனிட் சலுகை இணைப்புக்கு ஒன்றுதான், எட்டு வீடும் ஒரே மீட்டரில் சப்மீட்டர் வைத்து ஓடினால் யூனிட் கூடக்கூட மேல் விலையில் போய் நிற்கும், வாடகையை ஏற்றாமலே குடியிருப்பவர் கையிலிருந்து காசு போகும்.