கறையைத் துடைக்கிறோம், கசிவை விட்டுவிடுகிறோம்: வீட்டுப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உப்பிக்கொண்டால் பெரும்பாலோர் முதலில் அழைப்பது பெயின்டரை. வீட்டுக்காரர்கள் செய்யும் தவறுகளில் அதிகச் செலவு வைப்பது இதுதான் என்பேன். சுரண்டி, புட்டி பூசி, இரண்டு கோட் அடித்ததும் சுவர் புதிதாகத் தெரியும். ஆனால் உள்ளே நீர் வந்துகொண்டேதான் இருக்கும். செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பை அது கரைத்து வெளிப்பக்கம் கொண்டுவரும். நீர் ஆவியாகிப் போக, உப்பு வெள்ளைப் பொடியாகப் படிந்து புதுப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். கொஞ்ச நாளில் அதே இடம் மறுபடியும் உரியும்.

ஆகவே, நீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. கறைக்கு நேர் மேலேதான் கசிவு இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. தளத்துக்குள் இறங்கிய நீர், விரிசலையோ குழாயையோ ஒட்டி ஓடிச் சில அடி தள்ளிச் சொட்டுவது சாதாரணம். ஈரம் எப்போது கூடுகிறது என்று கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். மழையோடு வந்து மழையோடு போனால் மேல்தளம், வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். குளித்த பிறகு கூடினால் குளியலறை டைல்ஸ் இடுக்குகளையும் கழிவுநீர்க் குழாயையும் சந்தேகிக்கலாம். மழையோ வெயிலோ ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் குடிநீர்க் குழாய் சுவருக்குள் கசிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனைக்கு ஆள் தேவையில்லை. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் பயன்படுத்தாமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிவறை ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் சாயத்தைக் கலந்து, கால் மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டுப் பார்க்கலாம். சாயம் கீழே பீங்கானில் தெரிந்தால் தொட்டியின் அடைப்பு ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். ‘சொட்டுத்தானே’ என்று விடுவதும் தவறு. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாய், ஆண்டுக்குச் சுமார் 10,000 லிட்டரை வீணாக்கும். மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரு சிறு வாஷர்தான்.

கான்கிரீட் வீட்டில் கசிவை ஆறப்போடவே கூடாது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காலப்போக்கில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தைக் குறைக்கும். ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, அது உருவான இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில்தான் கூரையின் அடிப்பக்கம் வெடித்துக் காரை விழுகிறது. இந்த நிலையில் மேலே சிமென்ட் பூசி மூடுவது ஆபத்தை மறைப்பது மட்டுமே. தளர்ந்த காரையைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவை நீக்கி, அதற்குரிய கலவையால் அடைக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மேல்தள வடிகுழாயின் வாயைச் சுத்தம் செய்யும் வேலையை முதல் மழைக்குப் பிறகு என்று தள்ளிவைப்பவர்கள் ஏராளம். மழைக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை அது. ஒரு பிடி சருகு போதும், தளம் முழுக்க நீர் தேங்கிவிடும். மழை நின்றதும் ஒருமுறை மேலே போய்ப் பாருங்கள். மறுநாளும் நீர் நிற்கும் இடத்தில், நீர் ஓடுவதற்கான வாட்டம் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் நீர்க்காப்புப் பூச்சு மட்டும் அடித்தால் அது நெடுநாள் தாங்காது.

மின்சாரத்தில் ஒரு தவறு உயிரையே எடுக்கும். எம்.சி.பி., அதாவது அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதைவிட அதிக ஆம்பியர் கொண்டதை மாட்டுவதுதான் அது. சுவருக்குள் ஓடும் வயர் சூடேறாமல் காப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. 16 ஆம்பியர் தாங்கும் வயரில் 32 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால், வயரின் உறை உருகத் தொடங்கிய பிறகும் அது மின்சாரத்தைத் துண்டிக்காமல் இருந்துவிடும். ஏன் ட்ரிப் ஆகிறது என்பதைத்தான் எலக்ட்ரீஷியன் கண்டுபிடிக்க வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் துண்டிக்காவிட்டால் உடனே மாற்றுங்கள்.

மெயின் வால்வை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் அது இறுகிப்போகும்; குழாய் வெடித்த இரவில் திரும்பாது. ஆண்டுக்கு இரண்டு முறை மூடித் திறந்தால் போதும். அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள். கேஸ் ரப்பர் குழாயின் மேல் அச்சிட்ட தேதி கடந்துவிட்டால், குழாய் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சுவரில் கரையானின் மண் தடம் ஓடுவதைக் கண்டதும் துடைத்துவிட்டு மறந்துவிடுவதும் கறையைத் துடைப்பதற்குச் சமம். கூட்டம் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது. அது வேறு தடத்தில், கண்ணுக்குத் தெரியாத இடம் வழியாக வரும். துடைக்கும் முன், சுவரில் கண்ட தடம் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, மருந்தடிப்பவரிடம் காட்டுங்கள்.

சுவர் விரிசல்களில் மயிரிழை போன்றவை பெரும்பாலும் பூச்சு உலர்ந்ததால் வந்தவை. அவற்றைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் பார்த்தவுடன் அடைத்துவிடவும் வேண்டாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டி நீண்டாலோ, அகலம் கூடினாலோ, கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போனாலோ பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதிகளைத்தான்.