சிறு குடும்பப் பண்ணையில் நாட்டுக்கோழி அடை வைத்தல்

1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் அன்றாட விலையை ஒட்டி நாமக்கல் கூண்டுப் பண்ணைகள் விற்கும்போது, பென்னாகரம், அரூர் பக்கத்துச் சிறு குடும்பப் பண்ணைகள் அந்த விலையோடு போட்டியிடுவது வீண். நாட்டுக்கோழி முட்டையைத் தனியாக விற்பதும், குஞ்சுகளை வீட்டிலேயே பொரிக்க வைப்பதுமே பிழைக்கும் வழி.

அடைக்கு ஒரு வாரத்துக்குட்பட்ட முட்டைகளையே எடுங்கள். கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, கோழியின் உடலுக்குள் அடங்கும்படி பத்துப் பன்னிரண்டு மட்டும் வையுங்கள். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு கூடியதில் சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகள் ஓடும். வெறுமையாகத் தெரிபவற்றை அகற்றிவிடலாம். 21-ஆம் நாள் குஞ்சு பொரியும். அன்று கூடையை அடிக்கடி தூக்கிப் பார்க்காமலிருப்பதுதான் கடினம். பொரித்த முதல் வாரத்திலேயே, வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்தைக் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும்.