பச்சை மரத்தில் கடைந்த கிண்ணம் வெடிக்காமல் காய

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் பலா, அயனி, ரப்பர், மா எல்லாமே வெட்டின ஈரத்தோடு கிடைக்கும். பச்சை மரம் உளிக்கு வெண்ணெய் மாதிரி வரும், தூசியும் கிளம்பாது, அதனால் ஈரத்திலேயே லேத்தில் கடைவது நல்லதுதான். கடைந்த பிறகுதான் கவனம் வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பக்கம் வெடிப்பு, இன்னொரு பக்கம் பூஞ்சணம், இரண்டுக்கும் நடுவில்தான் கிண்ணத்தைக் காய வைக்க வேண்டும்.

மரம் சுருங்குவது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, நார் ஓடும் நீளத்தில் சுருக்கமே இல்லை என்று சொல்லலாம். அதனால் வட்டமாகக் கடைந்த கிண்ணம் முட்டை வடிவத்துக்குப் போகும், அது தப்பில்லை. மேல்பரப்பு காய்ந்து சுருங்கும்போது உள்ளே இன்னும் ஈரமாக இருந்தால்தான் வெடிக்கும். தண்டின் நடுமையம் கிண்ணத்தில் இருந்தால் பெரும்பாலும் வெடிக்கும், கட்டையைப் பிளக்கும்போதே அதை வெட்டித் தள்ளிவிடுங்கள்.

கிண்ணத்தை இரண்டு தடவை கடைய வேண்டும், ஈரத்தில் கனமாக ஒரு தடவை, காய்ந்த பிறகு வடிவம் சரிசெய்ய இன்னொரு தடவை. முதல் கடைசலில் சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். 10 இஞ்ச் கிண்ணம் என்றால் 1 இஞ்ச். விளிம்பில் ஒரு கனம், அடியில் ஒரு கனம் என்று விடாதீர்கள், எங்கும் ஒரே கனம்தான் முக்கியம். சக் (லேத்தில் மரத்தைக் கவ்வும் பிடி) பிடிக்கும் அடிக்கட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள், அதுவும் கோணிப்போகும், பிறகு சரிசெய்ய மரம் வேண்டும்.

லேத்திலிருந்து எடுத்த உடனே, அதாவது டீ குடிக்கப் போவதற்கு முன்னாலேயே, நாரின் முனை தெரியும் இரண்டு பக்கமும் உருக்கின மெழுகு தடவுங்கள். ஈரம் அந்த முனை வழியாகத்தான் வேகமாக ஓடுகிறது. அப்புறம் கிண்ணத்தை எடை போட்டு, தேதியையும் கிராமையும் அடியில் பென்சிலால் எழுதி, பழுப்புக் காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். ஈரச் சீவலை நிறைத்து வைக்கும் வழக்கம் காய்ந்த ஊர்களுக்குச் சரி, ஆனி, ஆடிச் சாரலில் இங்கே அதைச் செய்தால் மரம் கறுத்துப்போகும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்குக் கதையே வேறு. கணவாய்க் காற்று காற்றாலையையே சுழற்றுகிறது, கிண்ணத்தை விடுமா? அங்கே இரண்டு பையாகப் போடுங்கள், காற்று நேராக வராத உள்ளறையில், தரையோடு ஒட்டி வையுங்கள். மேற்கே ஈரக் காற்றில் இருப்பவர்கள் ஒரு பையோடு, தரையிலிருந்து உயர்த்தி, மரச்சட்டத்தின் மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். வெயிலில் வைப்பது இரண்டு பேருக்கும் கூடாது.

ரப்பர் மரத்துக்குத் தனி அவசரம் உண்டு. அதில் மாவுச்சத்து அதிகம், வெட்டின சில நாளிலேயே நீலக்கறை ஏறும், வண்டும் துளைக்கும். கடைந்த அன்றைக்கே பெரிய பாத்திரத்தில், ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு, பிறகு மெழுகும் பையும். கொதிக்க வைத்த கிண்ணம் வெடிப்பதும் குறைவு. மாமரத்துக்கும் இது நன்றாக ஒத்துவரும்.

வாரம் ஒருமுறை எடை போடுங்கள். முதல் சில வாரம் மளமளவென்று இறங்கும், பிறகு நிதானப்படும். தொடர்ந்து மூன்று, நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு இஞ்ச் கனத்துக்கு மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை சில கிராம் ஏறவும் செய்யும், அது காற்றின் ஈரத்தைக் கிண்ணம் குடிப்பது. அந்த மாதங்களில் முடிவெடுக்காமல் தை, மாசி வரை பொறுப்பது என் பழக்கம்.

இடையில் பூஞ்சணம் தெரிந்தால் துணியால் துடைத்து, ஒரு நாள் பையைத் திறந்து நிழலில் வையுங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் உடனே மெல்லிய உடனொட்டும் பசையை ஊற்றுங்கள், விரிசல் மேலும் ஓடுவது நிற்கும்.

காய்ந்த பிறகு முதலில் அடிக்கட்டையை வட்டமாக்கி, அப்புறம் வெளிப்புறம், கடைசியில் உட்புறம். வெளியூருக்கு, அதிலும் ஏசி ஓடும் வீட்டுக்குப் போகப்போகிற கிண்ணம் என்றால் இரண்டாம் கடைசலுக்கு முன்னால் சில வாரம் ஏசி அறையில் வைத்து எடை பாருங்கள், நம் ஊர்க் காற்றில் நின்றுபோன எடை அங்கே இன்னும் இறங்கும்.