திரையில் மங்கிய புதுச்சேரி

கடலூரில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளுவதற்கு முன்பிருந்த புதுச்சேரியைக் காட்டுவதற்காக, பிரான்சு தேசிய நூலகத்தின் மின்னூலகமான காலிக்காவிலிருந்து பழைய நகர வரைபடமொன்றை எடுத்துப் படக்காட்சி தயாரித்தேன். புரொஜெக்டரில் கோட்டை மட்டுமே தெரிந்தது, தெருப்பெயர்கள் எறும்பு ஊர்ந்த தடமாய் மங்கிக் கிடக்க, கடைசி வரிசை மாணவி, "ஐயா, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டாள்.

நான் சேமித்திருந்தது தேடல் பக்கத்தின் சிறுபடம் என்பது வீட்டுக்கு வந்த பிறகே புரிந்தது. காலிக்கா தன் படங்களை ட்ரிபிள் ஐ எஃப் (IIIF) என்னும், இணையத்தில் படங்களைப் பகிர்வதற்கான பொது முறையில் வழங்குவதால், படத்தின் முகவரியிலேயே பகுதி, அளவு, சுழற்சி, தரம் ஆகியவை இதே வரிசையில் சாய்கோடுகளுக்கிடையே இடம்பெறுகின்றன. அளவுக்குரிய இடத்தில் 1920 என எழுதிக் காற்புள்ளி இட்டால் (அந்தக் காற்புள்ளியை மறந்து அரைமணி நேரம் விழித்தேன்), அத்தனை பிக்சல் அகலத்தில் படம் வருகிறது. பகுதிக்குரிய இடத்தில் நான்கு எண்களைக் கொடுத்துக் கோட்டையையும் கடற்கரையையும் தனித்தனியே வெட்டியெடுத்தேன்.

பவர்பாயிண்ட் சேமிக்கும்போது படங்களைத் தானாகவே சுருக்கிவிடும் என்பதால், அதன் அமைப்புகளில் அதையும் நிறுத்தினேன். ஒவ்வொரு படத்தின் கீழும் மூலத்தைக் குறித்தேன். மறுநாள் அந்த மாணவியே எழுந்து வந்து கடலைத் தொட்டுக் காட்டினாள்.